விரலால் அறியும் தகடுகள்: சிடி, டிவிடிகளுக்குப் பார்வையற்றோர் தாமே அடையாளமிட ஒரு முழுமையான வழிகாட்டி

சிடி ஒன்றைக் கையில் எடுத்தால், 12 செ.மீ. அகலத்தில் வழவழப்பான ஒரு வட்டம். விரலுக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாது. வீட்டில் நூறு தகடு இருந்தால் நூறும் ஒன்றுபோலவே இருக்கும். கேசட்டில் இந்தத் தொல்லை குறைவு. நாடா உள்ளேதான் ஓடும், கூடு சுழலாது. அதனால் கூட்டின் மேலேயே பிரெயில் பட்டையை ஒட்டிவிடலாம். தகடு அப்படியில்லை, அது முழுவதுமாகச் சுழல்கிறது. எதை ஒட்டினாலும் அதுவும் சேர்ந்து சுழலும்.

பெட்டியில் மட்டும் பெயர் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று பெட்டிகளைத் திறந்து மூன்று தகடுகளை மேசையில் வைத்த மறுநிமிடமே அந்த ஏற்பாடு உடைந்துபோகும். ஆகவே அடையாளம் மூன்று இடங்களில் வேண்டும்: தகட்டுக்குள் ஒரு குரல், பெட்டியின் மேல் பிரெயில், தகட்டின் மேல் ஒரு சின்னப் பொட்டு. இவற்றில் குரல்தான் முதன்மையானது. அதைத் தகட்டிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. இந்த மூன்றையும் பார்வையுள்ள ஒருவருக்காகக் காத்திருக்காமல் தானே செய்துகொள்ள முடியும். அதனால்தான் இந்த முறையைச் சொல்கிறோம்.

முதலில் தகட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

நடுத்துளையின் விட்டம் 15 மி.மீ. அதைச் சுற்றி 26 முதல் 33 மி.மீ. விட்டம் வரை உள்ள வளையத்தைத்தான் இயந்திரம் மேலும் கீழும் பிடித்துச் சுழற்றும். பதிவு ஏறக்குறைய 45 மி.மீ. விட்டத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. 33-க்கும் 44-க்கும் இடையில் இருக்கும் ஒல்லியான வளையத்தை இயந்திரமும் பிடிப்பதில்லை, அங்கே பதிவும் இல்லை. நமக்கு வேண்டிய இடம் அதுதான்.

அந்த வளையத்தின் அகலம் ஐந்தரை மி.மீ. பிரெயில் எழுத்து ஒன்று அமரும் கட்டத்தின் உயரமோ புள்ளிகளையும் சேர்த்து ஏறத்தாழ ஆறரை மி.மீ. ஆக, அந்த இடத்தில் பிரெயில் எழுத்து உட்காராது. தகட்டின் மேல் பிரெயில் வேண்டாம், பொட்டு போதும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

எந்தப் பக்கம் மேல் என்பதைத் துளையருகே தடவிக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான தகடுகளில் படிக்கும் பக்கத்தில், துளைக்கு ஒரு செ.மீ. தள்ளி, மெல்லிய வரம்பு ஒன்று வட்டமாக எழும்பி நிற்கும். தகடுகளை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வைத்த வரம்பு அது. விரல் நுனியைவிட நகத்தால் தடவினால் தெளிவாகத் தெரியும். வரம்பு கீழே இருக்கும்படி வைத்தால் சரி. தவறிப்போய்த் தலைகீழாக வைத்தாலும் தகடு கெடாது. ஓடாது, அவ்வளவுதான், திருப்பி வையுங்கள்.

சிடியில் மேல்பக்கம்தான் மென்மையான பக்கம் என்பது பலருக்குத் தெரியாது. பதிவைத் தாங்கும் பளபளப்பு ஏடு, மேல்பக்கத்தில் ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பிரெயில் குத்தும் ஊசியான ஸ்டைலஸால் அதன் மேல் ஒரு புள்ளி குத்தினாலும் அந்த இடத்துப் பதிவு போய்விடும். டிவிடியில் 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஏடு இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. இருந்தாலும் எந்தத் தகட்டிலும் நேரடியாகக் குத்தாதீர்கள், கீறாதீர்கள்.

பட்டையை ஏன் தகட்டில் ஒட்டக்கூடாது

பாட்டு சிடி, சிடி பிளேயரில் நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று சுழலும். அதே தகடு கணினியின் 52 மடங்கு வேக டிரைவில் சுமார் 10,000 சுற்று வரை போகும். பிரெயில் குத்தப் பயன்படும், பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் பட்டைதான் டைமோ பட்டை. அதில் 4 செ.மீ. நீளமுள்ள ஒரு துண்டு ஏறத்தாழ 0.15 கிராம் இருக்கும். அதைத் தகட்டின் வெளி ஓரமாக ஒட்டினால், 500 சுற்றில் அது தரும் இழுப்பு 2 கிராம் எடை அளவே. 10,000 சுற்றிலோ முக்கால் கிலோவுக்குச் சமமாக ஒரே பக்கம் இழுக்கும். தகட்டின் மொத்த எடையே 15, 16 கிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். டிரைவ் உறுமும், படிப்பு தடுமாறும், பட்டை பிய்ந்து உள்ளே சிக்கும். "பிளேயரில் நன்றாக ஓடியதே, கணினியில் ஏன் ஓடவில்லை" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது.

முழு வட்டமாக ஒட்டும் காகித ஸ்டிக்கரில் சமநிலைத் தொல்லை குறைவு. ஆனால் காற்றில் ஈரமும் வெக்கையும் மாறிமாறி வரும் ஊர்களில் காகிதம் சுருங்கி விரிந்து தகட்டையே லேசாக வளைத்துவிடும். டிவிடி அந்த வளைவைச் சிடி அளவுக்குப் பொறுக்காது. சிடியில் ஒட்டியதை உரித்தால் பளபளப்பு ஏடும் சேர்ந்து வந்துவிடும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். அது ஓடும்போதே இன்னொரு தகட்டில் படி எடுத்து வைத்துவிடுங்கள்.

நகப்பூச்சுச் சொட்டால் அடையாளம் வைப்பவர்களும் உண்டு. நகப்பூச்சிலும் அதை அழிக்கும் திரவத்திலும் உள்ள கரைப்பான்கள் தகட்டின் பாலிகார்பனேட்டை அரித்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 1: எண் கொடுப்பது

பெயரை எல்லா இடத்திலும் முழுதாக எழுத முடியாது, எண்ணை எழுதலாம். ஓர் எழுத்து வகைக்கு, மூன்று இலக்கம் வரிசைக்கு. இசைக்கு இ, கதை நூல்களுக்குக் க, பாடங்களுக்குப் ப, வீட்டுப் பதிவுகளுக்கு வ என்று வைத்துக்கொள்ளலாம். இ 014 என்றால் பதினான்காவது இசைத் தகடு. 14 என்று சுருக்காமல் 014 என்றே எழுதுங்கள். எல்லா அடையாளமும் ஒரே நீளத்தில் இருந்தால் விரல் வேகமாகப் படிக்கும்.

தமிழ் பிரெயிலில் ஒரு கண்ணி இருக்கிறது. எண் குறியும் ‘ண’ எழுத்தும் ஒரே வடிவம்: 3, 4, 5, 6 புள்ளிகள். எழுத்தையும் எண்ணையும் ஒட்டி எழுதினால் ‘இண’ என்று ஏதோ சொல் தொடங்குவதுபோல விரலுக்குப் படும். நடுவில் ஒரு கட்டம் காலியாக விடுங்கள். எழுத்து 1, காலி 1, எண் குறி 1, இலக்கம் 3, ஆக 6 கட்டங்கள். கட்டத்துக்கு 6 மி.மீ. வீதம் 36 மி.மீ. எந்த உறையிலும் இதற்கு இடம் இருக்கும்.

படி 2: தகட்டுக்குள் குரல்

நீங்களே பதியும் தகடு என்றால் இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பாட்டு சிடியில் அதிகபட்சம் 99 தடங்கள் வைக்கலாம். முதல் தடத்தை அறிவிப்புக்கென்றே ஒதுக்குங்கள்.

1. கைபேசியிலோ கணினியிலோ 8 முதல் 10 விநாடி பேசிப் பதியுங்கள். எண், பெயர், பாடியவர் அல்லது வாசித்தவர், தொகுப்பில் எத்தனையாவது தகடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண் முதலில் வந்தால், தேடும்போது இரண்டாவது விநாடியிலேயே தகட்டை வெளியே எடுத்துவிடலாம்.
2. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் கோப்பாகச் சேமியுங்கள். தடம் 4 விநாடிக்குக் குறையக்கூடாது. சிடி தரத்தின் விதி அது. குறைந்தால் எழுதும் மென்பொருள் மறுக்கும், அல்லது வெற்று ஒலியால் நிரப்பும். "இ பதினான்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.
3. பட்டியலில் அதை முதலில் வைத்து, மற்றத் தடங்களை அடுத்து வைத்து எழுதுங்கள்.
4. தகடு வெளியே வந்ததும் மீண்டும் உள்ளே தள்ளி முதல் தடத்தைக் கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை அடுத்த தகட்டைத் தொட வேண்டாம்.

எம்பி3 தகட்டில் அறிவிப்புக் கோப்பின் பெயர் 000 என்று தொடங்கட்டும். பெயர் வரிசையில் அதுவே முதலில் வரும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். பழைய பிளேயர்கள் பல தமிழ்ப் பெயரைக் கண்டால் கோப்பையே தாண்டிப் போய்விடும்.

கணினிக்கான தகடு என்றால் தகட்டுப் பெயர் என்ற இடத்தையும் பயன்படுத்துங்கள். எழுதும் மென்பொருளில் அதை நிரப்பாவிட்டால் அன்றைய தேதியோ பொதுவான ஒரு சொல்லோ போய் உட்கார்ந்துகொள்ளும். தகட்டில் கோப்புகளை எழுதும் பழைய ஐஎஸ்ஓ 9660 முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும், 32 எழுத்து வரை. ஜோலியட் முறையில் தமிழும் செல்லும், ஆனால் 16 குறிகள்தான். எண்ணை ஆங்கில எழுத்தோடு கொடுத்துவிட்டால் இரண்டிலும் சிக்கல் இல்லை. பிறகு விண்டோஸில் கோப்பு ஜன்னலைத் திறந்து அம்பு விசைகளால் டிரைவுக்குப் போனால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பான் பெயரைப் படித்துச் சொல்லிவிடும்.

பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவமான டெய்சி நூல் தகட்டில் கை வைக்க வேண்டாம். டெய்சி பிளேயர் தகட்டைப் போட்டதும் தலைப்பைத் தானே சொல்லும். கூடுதல் கோப்பு எதற்கு?

படி 3: பெட்டிக்குப் பிரெயில்

வேண்டியவை: 12 மி.மீ. அகல டைமோ பட்டை, அந்தப் பட்டை நுழையும் காடி உள்ள பிரெயில் ஸ்லேட் (புள்ளி குத்தும் சட்டம்), ஸ்டைலஸ், கத்தரிக்கோல். ஸ்லேட்டும் ஸ்டைலஸும் டேராடூனில் உள்ள தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்தின் தயாரிப்பிலும் உண்டு. அதன் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் இருக்கிறது.

பட்டையை வெட்டும்போது எழுத்தின் நீளத்தோடு இரு முனையிலும் ஒரு செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். எத்தனை கட்டம் வரும் என்று முன்கூட்டியே எண்ணிவிடலாம். ‘சிலப்பதிகாரம்’ என்ற பெயரைப் பார்ப்போம். ச, இ குறி, ல, புள்ளிக் குறி, ப, ப, த, இ குறி, க, ஆ குறி, ர, புள்ளிக் குறி, ம: 13 கட்டங்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு வரும் 4ஆம் புள்ளி எழுத்துக்கு முன்னால் ஒரு தனிக் கட்டமாக நிற்கிறது; எண்ணும்போது பலர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 13 கட்டத்துக்கு 78 மி.மீ., ஓரங்களையும் சேர்த்தால் 98. சிடி பெட்டியின் அகலம் 142 மி.மீ., தாராளமாகப் போதும்.

குத்துவதற்கு முன்பே ஒரு முனையில் பின்தாளை நகத்தால் கொஞ்சம் பிரித்து, மறுபடி அழுத்தி வையுங்கள். குத்தியபின் பிரிக்கப் போனால் புள்ளிகள் பின்தாளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், வராது. அதே முனையில் ஒரு மூலையைச் சரிவாக வெட்டிவிட்டால், ஒட்டும்போது தலைகீழாகாமல் இருக்க அடையாளமாகும்.

ஸ்லேட்டில் பட்டையின் பின்தாள் மேலே, வழவழப்புப் பக்கம் கீழே. வலமிருந்து இடமாக, புள்ளிகளைக் கண்ணாடிப் பிம்பமாகக் குத்துங்கள். டைமோ பட்டை தாளைவிட விறைப்பு. ஸ்டைலஸைச் செங்குத்தாகப் பிடித்து, ‘டக்’ என்று கீழே தட்டும்வரை அழுத்த வேண்டும். சாய்த்துக் குத்தினால் புள்ளி ஒரு பக்கம் கிழியும், கிழிந்த புள்ளி விரலை உறுத்தும். பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரத்தில் என்றால் பட்டையின் இரு முனையையும் ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டி, தாளோடு ஏற்றுங்கள். வழவழப்புப் பக்கம் மேலே, எழுத்து இடமிருந்து வலம்.

ஒட்டும் இடத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் ஒரு மாதத்தில் ஓரம் எழும்பும். ஒட்டியபின் விளிம்புகளை மட்டும் அழுத்துங்கள். புள்ளிகளை அழுத்தினால் மட்டமாகிவிடும். டிவிடி பெட்டியின் வெளியுறை பாலிபுரொப்பிலீன். அதில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. பட்டையின் இரு முனைகளின் மேலும் ஒளிபுகும் டேப் ஒரு துண்டு போட்டுவிடுங்கள்.

எங்கே ஒட்டுவது என்பது எப்படி அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அலமாரியில் முதுகு தெரியும்படி அடுக்கினால் டிவிடி பெட்டியின் முதுகு ஏறத்தாழ 14 மி.மீ., பட்டை உட்காரும். சிடி பெட்டியின் முதுகு 10 மி.மீ.தான், 12 மி.மீ. பட்டை வழிந்து நிற்கும். அதனால் சிடிகளைச் செருப்பு டப்பா போன்ற திறந்த பெட்டியில் முகம் உங்களைப் பார்க்க நிறுத்துங்கள். பட்டை முன்முகத்தில், மேல் விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. கீழே, இடது ஓரத்தில் தொடங்கட்டும். நூலகத்தில் அட்டைகளைப் புரட்டுவதுபோல ஒவ்வொன்றாக உங்கள் பக்கம் சாய்த்துப் படித்துக்கொண்டே போகலாம். 30 செ.மீ. டப்பாவில் 30 பெட்டி கொள்ளும். ஆனால் 23, 24 வைத்தால்தான் சாய்க்க இடமிருக்கும்.

டைமோ பட்டை கிடைக்காவிட்டால் 140 கிராம் அளவுள்ள பிரெயில் தாளை 12 செ.மீ. அகலத்தில் வெட்டி எழுதி உறைக்குள் வையுங்கள். வரிக்கு 20 கட்டம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை நல்ல வலுதான், ஆனால் மிகத் தடித்ததாக இருந்தால் புள்ளி எழும்பாமல் கிழியும். அதன் உள்தாள்கள் சரியாக இருக்கும். பிளாஸ்டிக் உறையில் வைக்கும்போது தாளின் புள்ளிப் பக்கம் தகட்டை உரசாமல் வெளிநோக்கி இருக்க வேண்டும்.

படி 4: தகட்டின் மேல் ஒரு பொட்டு

கடையில் வாங்கிய தகடு ஒன்றில் நம் குரலைச் சேர்க்க முடியாது. இரண்டு மூன்று தகடுகள் கொண்ட தொகுப்பு கலந்துவிட்டால் முதலாவது எது, இரண்டாவது எது? இதற்கு நம் ஊர் ஸ்டிக்கர் பொட்டைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. கல் பதிக்காத, மொட்டையான, 2 மி.மீ. பொட்டாக வாங்குங்கள். எடை அநேகமாக ஒன்றுமில்லை, மேல்பரப்பு வெல்வெட் போல இருப்பதால் வழவழப்புத் தகட்டில் விரல் உடனே கண்டுகொள்ளும்.

இடத்தைக் கண்டுபிடிக்க 12 மி.மீ. டைமோ பட்டையில் ஒரு சிறு துண்டே அளவுகோல். தகட்டின் மேல்பக்கத்தில், துண்டின் ஓர் ஓரத்தைத் துளையின் விளிம்போடு சேர்த்துக் குறுக்காக வையுங்கள். மறு ஓரம் முடியும் இடத்தைத் தொட்டாற்போலப் பொட்டை ஒட்டுங்கள். பிடிக்கும் வளையத்தைத் தாண்டியும் பதிவு தொடங்கும் முன்பும் அது சரியாக விழும். முதல் தகட்டுக்கு ஒரு பொட்டு, இரண்டாவதற்கு எதிரெதிரே இரண்டு, மூன்றாவதற்கு முக்கோணமாக மூன்று. நான்குக்கு மேல் விரல் எண்ணத் தடுமாறும், அங்கே உறைகளை நம்புங்கள். அந்த இடத்தின் அடியில் பதிவு இல்லாததால் பின்னால் உரித்தாலும் இழப்பில்லை.

தட்டு வெளியே வந்து தகட்டை வாங்கும் இயந்திரங்களுக்கு மட்டுமே இது. கார் பிளேயரைப்போல ஒரு மெல்லிய பிளவுக்குள் தகட்டை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தில் மேல்பக்கமும் உருளைகளில் உரசும். பொட்டு உள்ளேயே கழன்று விழலாம். அவற்றில் போடும் தகட்டில் எதுவும் ஒட்டாதீர்கள்.

கைபேசி, பேசும் பேனா, சில்லு

பிரெயில் படிக்காதவர்களுக்கு, குறிப்பாக நடுவயதுக்கு மேல் பார்வையிழந்தவர்களுக்கு, இவை பெரிய துணை. பிரிட்டனின் பார்வையற்றோர் அமைப்பான ஆர்என்ஐபி விற்கும் பென்ஃபிரண்ட் பேனாவில், ஸ்டிக்கரைத் தொட்டுப் பேசினால் பதியும், மறுபடி தொட்டால் ஒலிக்கும். ஒலி பேனாவுக்குள்தான் இருக்கிறது, ஸ்டிக்கரில் இல்லை. பேனா தொலைந்தால் எல்லா ஸ்டிக்கரும் ஊமை. அதன் கோப்புகளைக் கணினியில் படி எடுத்து வையுங்கள்.

கைபேசியை அருகே கொண்டுபோனால் தன்னில் எழுதியதைத் தரும் என்எஃப்சி சில்லு மலிவு. அதில் தமிழுக்கென்று ஒரு கணக்கு உண்டு. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறிக்கு 3 பைட். என்டேக் 213 சில்லில் 144 பைட்தான் இடம், அதில் 10 பைட் முகப்புச் செலவு. மிச்சத்தில் 44 தமிழ்க் குறிகள் போகும். ‘சிலப்பதிகாரம்’ மட்டுமே 39 பைட். எண்ணும் பெயரும் எழுதப் போதும், பாட்டுப் பட்டியல் எழுதப் போதாது. அதற்கு 504 பைட் உள்ள 215 வாங்குங்கள்.

சில்லைத் தகட்டில் ஒட்டினால் வேலை செய்யாது. தகட்டின் உலோக ஏடு அலையை விழுங்கிவிடும். பெட்டியின் நடுவில் ஒட்டினாலும் கீழே இருக்கும் தகடு தடுக்கும். தகடு வட்டம், பெட்டி செவ்வகம். மூலைகளில் இடம் மிஞ்சுகிறது. முதுகுப் பக்க மூலையில் 25 மி.மீ. வட்டச் சில்லு தகட்டின் மேல் ஏறாமல் அமரும், அங்கே ஒட்டுங்கள். ஆண்ட்ராய்டில் நேரடியாகப் படிக்கலாம். ஐபோன் எழுத்துச் சில்லைத் தானாகப் படிக்காது, செயலியைத் திறந்துதான் படிக்க வேண்டும்.

அச்சிட்ட உறையைத் தமிழ் படிக்கும் கைபேசிச் செயலியால் படிக்கலாம். பெட்டியின் பிளாஸ்டிக் மினுமினுப்பு கேமராவைக் குழப்பும். விளக்கு உங்களுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். அலங்காரத் தமிழ் எழுத்துகளில் அடிக்கடி தவறும். பின்னட்டையின் சிறிய சாதாரண எழுத்துகளை நன்றாகப் படிக்கும்.

ஏற்கெனவே கலந்து கிடக்கும் தகடுகள்

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், ஒரு தடவைக்கு 20 போதும். இடதுபுறம் அடையாளமில்லாதவை, வலதுபுறம் முடிந்தவை, நடுவில் இயந்திரம். ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் துளையில், கட்டைவிரல் விளிம்பில் வைத்துப் பிடியுங்கள். கணினியில் போட்டுத் தகட்டுப் பெயரைக் கேளுங்கள். பாட்டு சிடி என்றால் 20 விநாடி ஓடவிடுங்கள். தெரிந்தவுடன் எண், பட்டை, பட்டியலில் ஒரு வரி. தெரியாவிட்டாலும் ஓர் எண் கொடுத்து ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். எண் இல்லாமல் இடதுபுறத்துக்குத் திருப்பி அனுப்பினால் அதையே மறுபடி மறுபடி எடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பட்டியல் எக்செல் தாளாக இருக்கட்டும்: எண், பெயர், யார், எத்தனையாவது தகடு, எந்த டப்பா. முதல் நெடுவரிசையில் எண் இருந்தால் திரைவாசிப்பான் ஒவ்வொரு வரியிலும் அதை முதலில் சொல்லும்.

யாராவது இரவல் கேட்டால் தகட்டை வெறும் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி அதே இடத்தில் வையுங்கள். புரட்டும்போது விரலில் ரப்பர் தட்டினால் அது இன்னும் திரும்பவில்லை என்று தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் முதல் தடத்தைக் கேட்டு, அதுதான் என்று உறுதி செய்துகொண்டு ரப்பரைக் கழற்றுங்கள்.